ஒரே புடவை, இரண்டு மதியம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. எழுதி முடித்ததும் உன் தங்கை கயலிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். அதே கையோடு நம் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடச் சொல்வேன். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் ராசிபலனும் அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த எழுபது பேரும் ஒரு நாளைக்கு இதைப் படிக்கட்டும். உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்யை அவர்கள் முன்னால்தான் சொன்னேன். வியாபாரியான எனக்குத் தெரியும், கடை வாசலில் நின்று கத்திச் சொன்ன விலையை உள்ளே கூப்பிட்டு மெதுவாக மாற்றினால் அதற்குப் பெயர் ஏமாற்று. வாசலில் சொன்னதை வாசலில்தான் மாற்ற வேண்டும்.

சுற்றி வளைக்கவில்லை. உன் அம்மா இறந்த அன்று மதியம் உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன். நீ எடுத்தாய். என்னிடம் பேசினாய். சரியானதைச் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.

இதை இப்போது எழுத வைத்தது கயல். தை மாதம் அவளுக்குக் கல்யாணம், ஓமத்தின்போது அண்ணன் நீ பொரி போட்டால்தான் அவள் கை நிறையும். போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணன் கல்யாணத்துக்கு வருதாம்ப்பா. ஆனா பொரி போட மாட்டேங்குது. மாமா வூட்டு ஆளுங்க முன்னாடி வந்து நிக்க முடியாது, கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டுப் போறேங்குது" என்றாள். இது நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து அவள் சொன்னதுதான் என்னைச் சாப்பாட்டிலிருந்து எழ வைத்தது. "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு கயலு, அன்னிக்கி நான் போன் எடுத்தேனா, இல்ல எடுத்த மாதிரி நானா நெனச்சிக்கிறேனான்னு கேக்குதுப்பா." உன் பெயரைக் கெடுத்தது ஒன்று. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, உன் தலைக்குள் இருந்த உண்மையையும் நான் கலைத்துவிட்டேன் என்பது இன்னொன்று. முதலாவதை எழுபது பேரிடம் சொல்லிச் சரிசெய்யலாம். இரண்டாவதை உன் ஒருவனிடம்தான் திருப்பித் தர முடியும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆலை மூடியபோது எனக்குப் பதினேழு வயது. "எங்கள்" என்று சொல்கிறேன், வேலை பார்த்தது என் அப்பா. அவர் வீட்டில் உட்கார்ந்ததும் நான் ஜாக்கெட் துணிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முதலியார்பேட்டையிலிருந்து பிள்ளைச்சாவடி வரைக்கும் மிதித்தேன். மீன் விற்கும் பெண்களிடம் துணி விற்றவன் உலகத்தில் யாரிடமும் எதையும் விற்பான். "இன்னாய்யா இது, எம் பொடவ கத்திரிப்பூ, நீ வெங்காயத்த நீட்டுற, கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அவர்களிடம் திட்டு வாங்கித்தான் என் கண் பழகியது. பிறகு மார்க்கெட் பக்கம் எட்டடிக் கடை, பிறகு இப்போதுள்ள மேட்சிங் சென்டர். பச்சையில் மட்டும் நாற்பது கட்டுக்கு மேல் இருக்கிறது. ஒரு முறை புடவையைப் பார்த்தால் போதும், அடுத்த வாரம் அந்தம்மா வெறுங்கையோடு வந்தாலும் சரியான துணியை எடுத்துப் போடுவேன். அதற்கு ஒரே வழிதான். ஒன்று போல இருக்கும் இரண்டில், எங்கே ஒத்துப்போகிறது என்று பார்க்கக் கூடாது. எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, அந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் பெரிதாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இது டீச்சரம்மா பச்சை, கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். இது நர்ஸம்மா பச்சை, வெயிலில் சாம்பலாகத் தெரியும். இப்படி ஆளோடு சேர்த்து முடிந்துவைத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. இதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை என்று எனக்குத் திமிர் இருந்தது. என் ஞாபகம் தப்பாகாது என்ற நினைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

ஆடி மாதம் கடையில் தலை சுற்றி விழுந்தேன் என்று கயல் உனக்குச் சொல்லியிருப்பாள். சர்க்கரை மாத்திரையை ஒரே காலையில் இரண்டு முறை போட்டிருந்தேன். டாக்டரம்மா கேட்டதற்கு, "போட்டது ஞாபகமே இல்லம்மா" என்றேன். அவர் சிரித்தார். "போட்டது ஞாபகம் இருக்கும் ஐயா. அது இன்னிக்குப் போட்டதா, நேத்துப் போட்டதான்னுதான் தெரியலை. தெனமும் அதே டம்ளர், அதே நாற்காலி, அதே மாத்திரை. ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசமே இல்லைன்னா மூளை என்ன பண்ணும்?" என்றார். நான் கடைக்காரன், விடாமல் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். காதுக்கு உள்பக்கமாக மூளையில் ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். ஒன்று போல இருக்கும் இரண்டு சம்பவங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது அதன் வேலையில் ஒன்றாம். சின்ன வித்தியாசத்தையும் பெரிதாக்கிப் பிரித்துவிடுமாம். வயதாக ஆக அதற்குச் சோம்பல் வரும். புதிதாக ஒன்று நடந்தால் "இது அந்தப் பழசுதானே" என்று அதன்மேலேயே போட்டுவிடும். எடுக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒன்றாக வரும். "எங்க கடை மாதிரிதாம்மா" என்றேன். "அப்படின்னா உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை" என்று சொல்லி, கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்றை வாங்கச் சொன்னார்.

எழுந்து கதவு வரை போனவன் திரும்பி வந்து, "இது வயசானவங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, யாருக்கும் வரும். பெரிய அதிர்ச்சி வந்தா வரும். ஒரே கதையைத் தப்பாவே திரும்பத் திரும்பச் சொன்னாலும் அதுவே நிஜமா நின்னுடும்" என்றார். அன்று எனக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது இரண்டு முறை, பத்து மாத இடைவெளியில். இரண்டும் மதியம். நம் ஊர்க் கடைகள் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறப்பவை, அதனால் இரண்டு முறையும் நான் வீட்டில்தான் இருந்தேன். இரண்டு முறையும் சாப்பிட்ட கை காயும் முன்பே, ஹாலில் அந்த ஒயர் நாற்காலியில், அதே வெங்காயக் கலர் பருத்திப் புடவையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தாள். இரண்டு முறையும் நான் உனக்குப் போன் போட்டேன். முதல் முறை பயந்துபோய் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் வைத்திருந்து எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது வாயுதான் என்று அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரிதான், அது வாயுதான். இரண்டாவது முறை அது வாயு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று உன் பெரிய மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏன் மாப்ள, வலின்னு சொன்னதும் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவல?" பந்தலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "புள்ளைக்குப் போன் மேல போன் போட்டேன் மச்சான். எடுக்கல. ஒத்த ஆளா என்னா செய்யறதுன்னு தெரியாம உக்காந்துட்டேன்." நீ மொட்டைத் தலையோடு எனக்கு நேரே நின்றிருந்தாய். உன் முகத்தில் கோபம் வரவில்லை, முதலில் புரியாமைதான் வந்தது. உன் போன் இடுப்பு வேட்டியில் செருகியிருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் அதிலேயே எல்லாம் இருந்திருக்கும். நீ நீட்டவில்லை. அப்பாவை அத்தனை பேர் முன்னால் பொய்யனாக்க உனக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்தது, மகன் விஷயத்தில்.

சத்தியமாகச் சொல்கிறேன், சொன்னபோது அதை நான் நம்பித்தான் சொன்னேன். என் கண் முன்னால் அப்படித்தான் இருந்தது: அவள் நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், என் காதில் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அது நடந்தது. ஆனால் முதல் மதியத்தில் நடந்தது. அதை உருவி எடுத்து இரண்டாவது மதியத்தில் ஒட்டியிருந்தேன்.

இது எனக்கு எப்படிப் பிரிந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். போன மாதம் ஓர் அம்மா வெங்காயக் கலர் புடவையோடு கடைக்கு வந்தார். நம்மிடம் அந்த நம்பரில் இரண்டு கட்டு இருந்தது. நம்பர் ஒன்றுதான், சாயம் போட்ட லாட் வேறு. டியூப்லைட்டில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வழக்கம் போல இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தேன். ஒன்று புடவையோடு அப்படியே சேர்ந்தது. மற்றதில் ஒரு செங்கல் நிறம் எட்டிப் பார்த்தது. அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. முதல் முறை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கும்போது ஊக்கு கழலாமல், அவசரத்துக்கு உன் அம்மாவின் ஜாக்கெட்டை நர்ஸ் கத்தரியால் வெட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு உயிர் பிழைத்ததைவிட அந்த ஜாக்கெட் போனதுதான் பெரிய குறை. நான் வேறு துணி எடுத்து வந்து கொடுத்தேன், பழைய லாட் தீர்ந்துவிட்டதால் புது லாட்டில். அவள் அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஊருல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் நூல் பிசகாம எடுத்துக் குடுப்பாரு. வூட்டுக்காரிக்கு மட்டும் குத்துமதிப்பு."

வெயிலில் நின்றுகொண்டு நான் அந்த இரண்டு மதியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன் அடித்துக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சியில் அவள் தோளில் இருப்பது சரியான நிறம், வெட்டுப்படாத பழைய ஜாக்கெட். அப்படியென்றால் அது முதல் முறை. செங்கல் நிறம் அடிக்கும் தோளோடு அவள் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று தனியாக இருந்தது. அதில் போன் அடித்துக்கொண்டே இருக்கவில்லை. அதில் உன் குரல் இருந்தது. "என்னண்ணே, துணி கேட்டா அழுவுறீங்க? வேற கடைக்கு வேணா போறேன்" என்று அந்தம்மா பயந்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் கயலிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதத்தானப்பா நான் அன்னிக்கே சொன்னேன். அண்ணன் அன்னிக்கி மத்தியானம் எனக்குப் போன் பண்ணுச்சி, அம்மாவுக்கு வலியாம், அப்பா ஒண்ணுமில்லங்குறாரு, நீ காலேஜ்லேந்து சீக்கிரம் வூட்டுக்குப் போன்னு. காரியம் முடிஞ்ச மறுநாள் உங்ககிட்ட வந்து சொன்னேன். நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்னா தெரியும்னு கத்துனீங்க. தட்டத் தூக்கி எறிஞ்சீங்க." அவள் சொல்வது எனக்கு இன்று வரை ஞாபகம் வரவில்லை தம்பி. தட்டு எறிந்தது வரவில்லை, கத்தியது வரவில்லை. "அப்புறம் ஏம்மா சொல்லல?" என்றேன். "அம்மாவும் போயிட்டாங்க. நீங்களும் ஏதாவது பண்ணிக்கினா நான் எங்க போவேன்?" என்றாள்.

டாக்டரம்மா சொன்னது போல, அதிர்ச்சியில் இரண்டு ஞாபகம் ஒன்றாகிவிட்டது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் அப்படித் தப்பிக்கத்தான் பார்த்தேன். ஆனால் நாற்பது வருடம் தராசும் முழக்கோலும் பார்த்தவன் நான். ஒரு கடையில் அளவு தவறினால், ஒரு நாள் கடைக்காரருக்கு லாபமாகவும் ஒரு நாள் வாடிக்கையாளருக்கு லாபமாகவும் தவற வேண்டும். எப்போதும் கடைக்காரர் பக்கமே தவறினால் அதைத் தவறு என்று யார் சொல்வார்கள்? என் மூளை அந்த இரண்டு நாளைக் கலந்ததில் ஒரு சொட்டுகூட எனக்கு எதிராகக் கலக்கவில்லை. நீ போன் எடுக்காதது அங்கே வந்து சேர்ந்தது. நான் செய்தது மட்டும் காணாமல் போனது. இது எந்த அளவுக்கு மூளையின் வேலை, எந்த அளவுக்கு என் வேலை என்று எனக்குத் தெரியவில்லை. அந்த டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

நான் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று அவள் வலியைப் பார்த்ததும் "போன தடவை மாதிரிதான்" என்று முடிவு செய்தேன். முதல் முறை ஒரு விரலை நெஞ்சுக்குழியில் வைத்து, இங்கே குத்துகிறது என்று காட்டினாள், ஏப்பம் விட்டாள். இரண்டாவது முறை விரலால் காட்டவில்லை, உள்ளங்கையால் தேய்த்தாள். தாடை வலிக்கிறது என்றாள். முதுகெல்லாம் வேர்த்திருந்தது. பச்சையில் நாற்பது பார்க்கிறவன், என் பெண்டாட்டியின் இரண்டு வலியில் வித்தியாசம் பார்க்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு சோடா கொடுத்தேன். முகூர்த்த சமயம், கடையில் கூட்டம் வரும் என்று நாலு மணிக்குக் கிளம்பிப் போனேன். அஞ்சரைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "உக்காந்துட்டேன்" என்று மாமாவிடம் சொன்னேனே, அதுவும் பொய். நான் அங்கே உட்காரக்கூட இல்லை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்வேன். நாளைக்கு உனக்கும் குடும்பம் வரும். வீட்டில் யாராவது முடியவில்லை என்றாலோ, அழுதாலோ, கோபித்துக்கொண்டாலோ, "போன தடவை மாதிரிதான்" என்று உன் வாயில் வந்தால் அங்கேயே நிறுத்து. எது வேறாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார். உன் ஞாபகம் எப்போதும் உன்னையே நல்லவனாகக் காட்டினால், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் கேள். அவர் சொல்லும்போது கத்தாதே.

முந்தாநாள் நோணாங்குப்பம் போய் உன் பெரிய மாமாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "ஆறு வருஷமா அந்தப் புள்ளயப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போயிருக்கேன் மாப்ள. எம் பொண்ணு கல்யாணத்துல வந்து பந்தி பரிமாறுனான். அவன் கையால சோறு வாணாம்னு எழுந்துட்டேன்" என்றார். அப்புறம் என்னை நேராகப் பார்த்து, "அப்ப எந்தங்கச்சிய வுட்டுட்டுக் கடை தொறக்கப் போன" என்றார். "ஆமா மச்சான்" என்றேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. அத்தைதான் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். வாங்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "குடி, குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார். அவர் உனக்குப் போன் செய்வார். எடு. அவருக்குப் பேசத் தெரியாது, அழுவார், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பொரி போட வா என்று நான் கேட்கப் போவதில்லை. அது கயலுக்கும் உனக்கும் நடுவில் இருப்பது. நீ வந்தாலும் எனக்காக வந்ததாக நான் நினைக்க மாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். எனக்கு அது அவ்வளவு சீக்கிரம் கிடைப்பது நியாயமில்லை.

உன்னுடையதைத் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள். முதல் மதியம்: நீ கல்லூரியில் கடைசி வருடம். பரீட்சை ஹாலில் இருந்தாய், போன் வெளியே பையில் இருந்தது. நான் ஏழெட்டு முறை அடித்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டு, "அப்பா, இத்தினி மிஸ்டு காலா, என்னாச்சி?" என்று பதறினாய். அன்றைக்கே பஸ் ஏறி வந்தாய், அம்மா உன்னைத் திட்டினாள், மறுநாள் பரீட்சையை விட்டுவிட்டு வந்தாயே என்று. இரண்டாவது மதியம்: நீ வேலைக்குச் சேர்ந்திருந்தாய், சென்னையில். இரண்டாவது மணியிலேயே எடுத்தாய். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டார்கள். "வாயில சோறுப்பா, ஒரு நிமிஷம்" என்றாய். நான் சொன்னதும் சத்தம் குறைந்தது, நீ வெளியே வந்திருக்க வேண்டும். "வேர்க்குதாப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "அப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க, நான் இப்பவே கெளம்பறேன்" என்றாய். "போன தடவ மாதிரிதாண்டா, சும்மா பதறாத, வேலயப் பாரு" என்றேன். "அப்பா, போங்கப்பா" என்றாய். மறுபடியும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன்.

இந்த இரண்டையும் இனி ஒன்றாகப் போட்டு வைக்காதே. முதலாவதில் யார் மேலும் தப்பில்லை. இரண்டாவது என்னுடையது.

அப்பா